கேத்தில் பஸ்ரியன்

பேசாலையில் பிறந்த ஆண்பிள்ளைக்குக் கடல் ஒத்துவராவிட்டால் அவன் பாடு பெரும்பாடுதான். பஸ்ரியனுக்கு ஒத்துவரவில்லை. பதினாறு வயதில் தகப்பனோடு வள்ளத்தில் போனவன், கரை கண்ணுக்கு மறையும் முன்னரே குமட்டிச் சத்தியெடுக்கத் தொடங்கி, வலைக்குவியலின் மேல் குப்புறக் கிடந்தான். மறுநாளும் அதே கதை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த தகப்பன், "இவனை ஏத்துறதிலும் பாக்க ஒரு மூடை மணலை ஏத்தலாம், அது சத்தியெடுக்காது" என்று ஊர் கேட்கச் சொல்லி இறக்கிவிட்டார். அந்தப் பேச்சை ஊர் இருபது வருடம் மறக்கவில்லை. மறந்தது, அதைவிட நல்ல பட்டமொன்று அவனுக்குக் கிடைத்த பிறகுதான்.

கடல் வேண்டாமென்றால் பேசாலையில் ஒரு மனிதனுக்கு வேறென்ன இருக்கிறது? விடியற்காலை கரையில் மீன் பிரிக்கும்போதும், வெயிலேறிய பின் கிழிந்த வலை பொத்தும்போதும்தான் அங்கே ஆண்கள் கதைப்பார்கள், சிரிப்பார்கள், சண்டைபிடிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் இவனுக்கு இடமில்லை. தலைமன்னார்த் துறைமுகத்துக்கு வேலை தேடிப் போனான். லொறி கழுவினான், பிறகு லொறி ஓட்டினான். மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் சேர்த்துக் கடலுக்குக் குறுக்கே தாம்போதி கட்டியபோது அதற்குக் கல்லேற்றினான். அந்த வேலை முடிந்த கையோடு, துறைமுகத்திலிருந்த வெள்ளைக்காரத் துரையொருவர் தன் பழைய காரை விற்றுவிட்டுக் கப்பலேற, பஸ்ரியன் அதை வாங்கிக்கொண்டுவந்து தன் வீட்டு வளவில் நிறுத்தினான். மேலே துணிக்கூரை. முன்னால் பித்தளைச் சட்டமிட்ட பெரிய றேடியேற்றர். அதன் மூடியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். எஞ்சின் தண்ணீர் சூடேறச் சூடேற அதில் சிவப்பு மேலேறும். துரை எல்லாவற்றையும் ஒருதரம் சொல்லிக் கொடுத்தார். அந்தச் சிவப்பைக் கவனிக்கச் சொல்லி மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

மனைவி மதலேனாள் காருக்குத் தீர்த்தம் தெளித்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் மாதா படம் ஒட்டினாள். அன்றிலிருந்து ஐந்து வருடம் அந்தக் கார் ஒரு குறையும் வைக்கவில்லை. காய்ச்சல்காரரை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. மடுத் திருநாளுக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு போனது. சாகக் கிடந்தவர்களுக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்கச் சுவாமியாரை ஏற்றிப்போனது. விடிய எழும்பி றேடியேற்றருக்குத் தண்ணீர் ஊற்றுவது மதலேனாளின் வேலை. கம்பியைச் செருகிச் சுழற்றி எஞ்சினைக் கிளப்புவது இவன் வேலை. ஒரே மகள் றோஸ்மேரி கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் போய் இறங்குவாள். அந்த ஐந்து வருடமும் பஸ்ரியன் கரைப் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விடவில்லை. கதைக்க வீட்டில் ஆள் இருந்தது.

முப்பத்தைந்தாம் ஆண்டு தை மாதம் மதலேனாள் காய்ச்சலில் விழுந்து, ஒன்பதாம் நாள் செத்துப்போனாள். எத்தனையோ பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன், இது விட்டுவிடும் காய்ச்சலென்று இருந்துவிட, தன் பெண்சாதியை ஏற்றும் முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது.

வருட முடிவுத் திவசம் கழிந்து அடுத்த மாதம் றோஸ்மேரிக்கு இலுப்பைக்கடவையில் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை எட்வேட் வயலும் மாடும் உள்ளவன், நல்ல பிள்ளை. பேசாலைக் கோவிலில் தாலி ஏறியதும், "பொம்பிளை மாப்பிள்ளையை நான்தான் கொண்டுபோவன்" என்று பஸ்ரியன் ஒற்றைக்காலில் நின்றான். பொம்பிளை, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தாய் மூவரையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டான். மன்னார் பட்டினத்தைத் தாண்டவில்லை, மூடியில் சிவப்பு உச்சிக்கு ஏறிவிட்டது. தாம்போதியின் நட்டநடுவில், இரண்டு பக்கமும் கடல் இருக்க, கார் சீறிக்கொண்டு நின்றது. ஆவி எழும்பிப் பொம்பிளையின் முக்காட்டை நனைத்தது. ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் அடுத்த ஐந்தாம் மைல் கட்டையில் மறுபடியும். இப்படி நாலு தரம். கடைசியில் சம்மந்தியம்மா இறங்கி, பின்னால் வந்த மாட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். வண்டிகளில் கூடப்போய்ப் பேசாலைக்குத் திரும்பி வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "கேத்தில் கொதிச்சிட்டுது, தேயிலையைப் போடுங்கோ" என்று கரையில் ஒருவன் சொல்ல, அன்று பிடித்தது சனி. மணல் மூடை போய், கேத்தில் பஸ்ரியன் ஆனான்.

அதற்குப் பிறகு அவன் காரைத் தூரத்துக்கு எடுக்கவில்லை. பக்கத்து ஓட்டங்களுக்கு மட்டும் போவான். வழியில் நிறுத்தி ஆறவைப்பான். வீட்டுக்கு வந்து ஒருவனாய் ஒரு பிடி சோறு வடித்து, கருவாட்டைச் சுட்டுத் தின்றுவிட்டுப் படுப்பான். சில நாட்களில், காலையிலிருந்து தான் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை என்பது அவனுக்குப் படுக்கும்போதுதான் நினைவு வரும்.

முப்பத்தேழாம் ஆண்டு, வைகாசியில், றோஸ்மேரியின் கடிதம் வந்தது. ஆடியில் பிள்ளை பிறக்கும் என்று முன்னமே எழுதியிருந்தாள். தலைப்பிள்ளைக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவதுதான் முறை. வா, வந்து கூட்டிப்போகிறேன் என்று இவனும் எழுதியிருந்தான். அதற்குத்தான் இந்த மறுமொழி. "அன்புள்ள அப்பாவுக்கு, எல்லாரும் சுகம். நான் அங்கே வருவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வண்டியில் வந்தால் இந்தப் பாதையின் குலுக்கலுக்கு உடம்பு தாங்காது. கார் என்றால் வழியில் சூடேறி நின்றுவிடும், காட்டுப் பாதையில் என்ன செய்வது என்று இங்கே பயப்படுகிறார்கள். ஆனபடியால் நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். நீங்கள் குறை நினைக்க வேண்டாம்."

பஸ்ரியன் அதை மூன்று தரம் வாசித்தான். மூன்றாம் தரம் வாசித்து முடித்தபோது அவனுக்குச் சந்தோஷம் வந்தது. கார்தான் தடை என்றால் காரைத் திருத்திவிட்டால் தீர்ந்தது. மகள் வருவாள், வீட்டில் பிள்ளையின் சத்தம் கேட்கும், குறைந்தது மூன்று மாதம் இந்த வளவில் மனிதக் குரல் இருக்கும். அதற்காக அவன் அந்த எஞ்சினை ஆணி ஆணியாகக் கழற்றவும் தயாராக இருந்தான்.

முதலில் றேடியேற்றரின் முகத்தைப் பார்த்தான். சோழகக் காற்று வீசத் தொடங்கியிருந்த நேரம். தகட்டு வரிகளுக்குள் மணலும் செத்த பூச்சிகளும் அடைந்திருந்தன. ஓலை ஈர்க்கொன்றை எடுத்து ஒவ்வொரு வரியாகக் குத்தித் துப்புரவாக்க ஒரு முழுப் பகல் போனது. காரை எடுத்துக்கொண்டு மன்னார்ப் பாதையில் விட்டுப் பார்த்தான். மூன்றாம் கட்டையில் சிவப்பு ஏறிவிட்டது. அடுத்த நாள் விசிறியைச் சுற்றும் பெல்ட்டைப் பிடித்துப் பார்த்தான், தொளதொளத்துக் கிடந்தது. இறுக்கினான். இந்த முறை நாலாம் கட்டை வரை போனது. ஒரு கட்டை லாபம் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். றப்பர்க் குழாய்களைக் கழற்றி ஊதிப் பார்த்தான், அடைப்பில்லை. பிரேக் இறுகிப் பிடிப்பதால் எஞ்சின் வருந்துகிறதோ என்று ஓடிய காரை நிறுத்தி இறங்கி, நாலு சில்லின் நடுவையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், நாலும் குளிர்ந்திருந்தன. எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி பிந்தி விழுகிறதோ என்று அதையும் சரிபார்த்தான். நாலாம் கட்டைக்கு அப்பால் அந்தக் கார் அசைய மறுத்தது.

மிச்சம் ஒரே ஒரு வழி. எஞ்சினை நின்ற இடத்திலேயே வேகமாக ஓடவிட்டு, தண்ணீர் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் உள்ளே இருந்து காலால் மிதிக்க வேண்டும்; மற்றவர் முன்னால் நின்று பார்க்க வேண்டும். மதலேனாள் இருந்தபோது அவள் மிதிப்பாள். "கொஞ்சம்", "போதும்", "விடு" என்ற மூன்று சொல்லுக்கும் அவள் கால் பழகியிருந்தது. இப்போது மிதிக்க ஒரு கால் இல்லை. ஊரில் கால்களுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் ஒருவனைக் கூப்பிட்டால் பத்துப் பேர் வருவார்கள், வந்தால் கேத்தில் கதை தொடங்கும்.

அடுப்படியில் கிடந்த அம்மிக் குழவியைத் தூக்கிவந்து மிதிகட்டையின் மேல் வைத்தான். எஞ்சின் கிளம்பியது. குழவி ஒரு பக்கம் உருண்டு, மிதிகட்டையை அடியோடு அமத்திக்கொண்டு சிக்கிவிட்டது. எஞ்சின் அலறிய அலறலில் கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன. அடுத்த வளவுப் பெற்றிசியா வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். அவள் மதலேனாளின் சினேகிதி, நல்ல மனம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"என்ன செய்யிறாய் பஸ்ரியன்?"

"சம்பல் அரைக்கிறன்!" என்று கத்திவிட்டு ஓடிப்போய்க் குழவியை இழுத்தெடுத்தான்.

அளவாக அமத்துவதற்கு உருளாத பொருள் வேண்டும். ஒரு சின்னச் சாக்கில் மணல் அள்ளிக் கட்டி வைத்தான். அது அச்சொட்டாக இருந்தது. மணல் மூடை இல்லாமல் தன் சீவியம் ஓடாதுபோல என்று அவனுக்கே சிரிப்பு வந்தது. சிரித்ததைப் பார்க்க யாருமில்லை.

எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருக்க, றேடியேற்றரைக் கையால் தடவிப் பார்த்தான். மேல் பக்கம் தொட்ட விரல் வெந்துபோனது. கீழ்ப் பக்கம், பிள்ளையைக் குளிப்பாட்டலாம் போன்ற இளஞ்சூடு. மேலிருந்து இறங்க வேண்டிய தண்ணீர் இறங்கவில்லை. குற்றவாளி அகப்பட்டுவிட்டான். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, அடியிலிருந்த குழாயைத் திறந்தான். மண்ணிறத்தில் நூல்போலக் கொஞ்சம் ஒழுகி நின்றுவிட்டது. கம்பியால் உள்ளே குத்தினான். வெள்ளை வெள்ளையாகச் செதில்கள் வந்து விழுந்தன. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தான். கரித்தது.

உப்பு. அவன் வளவுக் கிணறு உவர்க்கிணறு. அது ஊரறிந்த சங்கதி. குளிக்கவும் கழுவவும்தான் உதவும். குடிக்கிற நல்ல தண்ணீர் தென்னந்தோட்டத்துக் கிணற்றிலிருந்து கழுதையில் வரும். காருக்கு உவர்த் தண்ணீர் போதும் என்று கார் வாங்கிய அன்றே அவன் சட்டம் போட்டிருந்தான். குடிக்கிற தண்ணீரை இரும்புக்கு ஊற்றுவது பாவமல்லவா? பேசாலையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அதே தண்ணீரில்தானே ஐந்து வருடம் ஓடியது? அப்போது கட்டாத உப்பு இப்போது எப்படிக் கட்டியது? றேடியேற்றருக்கு முன்னால் குந்தியிருந்து யோசித்து யோசித்து அவனுக்குத் தலை விறைத்தது.

அந்த நேரம் தண்ணீர்க்காரக் காமில் கழுதையோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார். பதினைந்து வருடமாக அந்த ஒழுங்கை வீடுகளுக்கு நல்ல தண்ணீர் கொண்டுவருபவர்; முஸ்லிம் அண்ணன் என்பதால் ஊருக்கு அவர் காக்கா.

"என்னண்ணே, வயித்தைக் கிழிச்சுப் போட்டிருக்கிறீங்க?"

"உள்ளுக்கு உப்பளமே கிடக்கு காக்கா. அஞ்சு வருசம் இந்தக் கிணத்துத் தண்ணியிலதான் ஓடினது. அப்ப இல்லாத உப்பு இப்ப எங்கயிருந்து வந்தது?"

காமில் தண்ணீர்த் தகரத்தை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார். "கிணத்துத் தண்ணியோ? அதை ஏன் ஊத்தினீங்க?"

"பின்ன? குடிக்கிற தண்ணியைக் காருக்கு ஊத்த எனக்கென்ன விசரோ?"

"அண்ணே, முந்தி இந்த வீட்டுக்கு நான் எத்தின தகரம் இறக்கினனான்?"

"மூண்டு. அப்ப நாங்கள் மூண்டு பேர். இப்ப நான் தனிய, ஒண்டு போதும்."

"மூண்டு பேருக்கு ரெண்டு தகரம் தாராளம்" என்றார் காமில். "மூண்டாவது காருக்கு. உங்களுக்குத் தெரியாதோ? உங்கட வீட்டுக்கார அம்மாதான் கேட்டு எடுத்தவ. 'அவரிட்டச் சொல்லிப் போடாதீங்கோ, தண்ணியை வீணாக்கிறன் எண்டு குதிப்பார். எங்களுக்குச் சோறு போடுற சீவனுக்கு உவர்த் தண்ணி குடுக்கலாமோ' எண்டு சொல்லுவா. அவ மவுத்தாப் போன பிறகு நீங்க ரெண்டு போதும் எண்டீங்க, மகள் கட்டிப் போன பிறகு ஒண்டு போதும் எண்டீங்க. காருக்கு வேற எங்கயும் எடுக்கிறீங்களாக்கும் எண்டு நான் நினைச்சன்."

பஸ்ரியனுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஐந்து வருடம், ஒவ்வொரு விடியற்காலையும், அவன் முன்னால் கம்பி சுழற்றிக்கொண்டிருக்கும்போதே அவள் அவன் கண்ணில் மண் தூவியிருக்கிறாள். அடியே, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா என்று கேட்க வாய் துடித்தது. அவன் வீட்டுப் பக்கம் திரும்பியும் விட்டான். பிறகு வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அழுகை வரவில்லை. ஆனால் இரண்டு வருடத்தில் அன்றுபோல அவளைத் தேடியதில்லை.

"நாளைக்கு மூண்டு தகரம் இறக்குங்கோ காக்கா" என்றான்.

றேடியேற்றரைத் தனியே கழற்றி, பனங்கள்ளு வினாகிரியை நிறைய ஊற்றி மூன்று நாள் ஊறவைத்தான். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து, அடியிலிருந்து மேலாகத் தண்ணீரைச் செலுத்திச் செலுத்திக் கழுவினான். கூழ்போல வந்தது, பிறகு கலங்கலாக வந்தது, ஏழாம் நாள் தெளிந்த தண்ணீர் வந்தது. பூட்டி, நல்ல தண்ணீர் நிரப்பி, மன்னாருக்கு விட்டான். நாலாம் கட்டை போனது, எட்டாம் கட்டை போனது, பட்டினம் வந்தது. சிவப்பு பாதிக் குழாயில் நின்றது நின்றதுதான். அரசாங்கக் கச்சேரிக்கு முன்னால் காரை நிறுத்தி, நிழலில் நின்ற இரண்டு கழுதைகளிடம் "சரிவந்திட்டுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். வேறு யாரிடம் சொல்வது?

கார் சரி, ஆனி முதற் சனிக்கிழமை வருகிறேன் என்று மகளுக்கு எழுதிப் போட்டான். மறுமொழி வரவில்லை. வராததைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டான். அறைக்கு வெள்ளையடித்தான். மருத்துவிச்சிக்குச் சொல்லி வைத்தான். வீட்டில் பெண் துணை இல்லையென்று யாரும் சொல்லக் கூடாதென்று பெற்றிசியாவிடம் போய்க் கேட்டான். "கேக்கவும் வேணுமோ, என்ர பிள்ளை மாதிரி" என்று அவள் பாயும் தலையணையுமாக வந்து படுக்க ஒப்புக்கொண்டாள். பஸ்ரியன் எதையும் விட்டுவைக்கவில்லை.

சனிக்கிழமை காலை, பின் ஆசனத்தில் இலவம்பஞ்சு மெத்தையை விரித்து, இரண்டு பக்கமும் தலையணை அண்டை கொடுத்து வெளிக்கிட்டான். தாம்போதி வந்தது, போனது. விடத்தல்தீவும் தாண்டியது. அந்த எஞ்சினின் சத்தம் அவனுக்குப் பாட்டுப்போல இருந்தது. வழியில் ஒரு இடத்தில்கூட அவன் இறங்கவில்லை. வெயில் உச்சிக்கு வருமுன் இலுப்பைக்கடவையில் மருமகன் வீட்டுப் படலைக்கு முன்னால் போய் நின்று, ஹோர்னை இரண்டு தரம் அமத்தினான்.

சம்மந்தியம்மா கதிரை போட்டாள். எட்வேட் இளநீர் வெட்டினான். எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள், ஆனால் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. றோஸ்மேரி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து நிலைக்கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஒருக்காலும் நிக்கேல்லைப் பிள்ளை" என்றான் பஸ்ரியன். "முப்பத்தெட்டுக் கட்டை. சிவப்பு அரைவாசிக்கு மேல ஏறேல்லை. நீ வேணுமெண்டா வந்து தொட்டுப் பார். சம்மந்தி, நீங்களும் வந்து பாருங்கோ."

சம்மந்தியம்மா மகனைப் பார்த்தாள். மகன் மனைவியைப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் ஏதோ வேலையிருப்பதுபோல எழும்பிக் கொல்லைப் பக்கம் போனார்கள்.

"உடுப்பு எல்லாம் கட்டியாச்சோ?" என்று பஸ்ரியன் கேட்டான்.

றோஸ்மேரி அவன் காலடியில் நிலத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, மாமியவை ஒண்டும் மறிக்கேல்லை. போகச் சொல்லித்தான் சொன்னவை. காரைப் பற்றி எழுதினது நான்தான்."

அவனுக்கு விளங்கவில்லை. "அதுதான் திருத்திப் போட்டனே."

"நீங்கள் திருத்துவியள் எண்டு நான் நினைக்கேல்லை."

"அறைக்கு வெள்ளையடிச்சிருக்கிறன். மருத்துவிச்சிக்குச் சொல்லியாச்சு. பெற்றிசியா வந்து படுக்கிறன் எண்டவ..."

"பெற்றிசியா மாமி அம்மா இல்லைத்தானே" என்றாள் மகள். சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். "கலியாணம் முடிஞ்ச பிறகு ரெண்டு தரம் வந்தனான். ரெண்டு தரமும், வாசலுக்குள்ள காலை வைச்ச உடன எனக்கு மூச்சு முட்டினது. அடுப்படியில பாத்தா அவ இல்லை. கிணத்தடியில பாத்தா அவ இல்லை. அவ கிடந்த அந்த அறையில கிடந்து பிள்ளை பெற எனக்குப் பயமாக் கிடக்கு அப்பா. இதை உங்களுக்கு எப்பிடி எழுதுறது? அதுதான் காரை எழுதினனான்."

பஸ்ரியன் அவள் தலையில் கையை வைத்தான். எந்த ஆணியைக் கழற்றுவது, எதைக் கழுவுவது? அவனும் அந்த வீட்டில்தான் இரண்டு வருடமாக மூச்சு விடுகிறான். அந்த அறையில் அவனும் படுப்பதில்லை. அதை அவளுக்குச் சொல்லலாமென்று நினைத்தான், சொல்லவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்தப் பாரத்தையும் ஏன் கொடுக்க வேண்டும்?

"சரி பிள்ளை" என்றான். "நீ இங்கயே இரு. நல்லதுதான். இஞ்ச மாமி இருக்கிறா. அழாத, வயித்தில பிள்ளைக்குக் கூடாது."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி எல்லாரும் மன்றாடினார்கள். ஒரு ஓட்டம் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வெளிக்கிட்டான். மெத்தையையும் தலையணைகளையும் எடுத்துக் கொடுக்க வேண்டுமென்று தோன்றவேயில்லை. அவை பின்னால் விரித்தபடி கிடந்தன.

திரும்பி வரும் வழி முழுதும் கார் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது. பழைய நாட்களில் ஐந்து கட்டைக்கு ஒருதரம் நிறுத்தியாக வேண்டும்; நிறுத்தினால் யாராவது வருவார்கள், என்ன கோளாறு என்பார்கள், பொழுது போகும். இப்போது நிறுத்த ஒரு காரணமில்லை. இப்படியே போனால் பொழுது சாயுமுன் பேசாலை வந்துவிடும். ஊரார் பின் ஆசனத்தை எட்டிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அந்த வெள்ளையடித்த வீடு. நினைக்க நினைக்க அவன் கால் தானாகவே மிதிகட்டையிலிருந்து எழும்பியது.

அடம்பன் பக்கம் பாதையோரத்தில் ஒரு வீடு. முற்றத்தில் ஒரு பெண் சுளகில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். இவன் முன்பின் அறியாதவள். பஸ்ரியன் காரை ஓரங்கட்டி இறங்கினான்.

"தங்கச்சி, காருக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்."

"சூடேறிப் போச்சோ அண்ணே?"

"ஓம்."

அவள் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சுளகை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்து நின்றாள். பஸ்ரியன் பழந்துணியால் மூடியைப் பிடித்துத் திறந்தான். தண்ணீர் வாய்வரை நின்றது. அவன் வாளியைச் சரித்தான். ஊற்றிய அத்தனையும் வழிந்து, பித்தளைச் சட்டத்தில் ஓடி, புழுதியில் விழுந்தது. அவன் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

"அது நிறையத்தானே கிடக்குது" என்றாள் அவள்.

"ஓம் பிள்ளை. நிறையத்தான் கிடக்குது."

அவள் அவனை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பேணி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பஸ்ரியன் வேலியோரத்து மரக்குற்றியில் உட்கார்ந்தான். குடித்தான். பிறகு கதைக்கத் தொடங்கினான். மணல் அடைந்த தகட்டைப் பற்றி, தொளதொளத்த பெல்ட்டைப் பற்றி, மேலே சுட்டதும் கீழே சுடாததும் பற்றி. அவள் நெல்லைப் புடைத்தபடி "ஓம்", "ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு மண்ணும் விளங்கியிராது. பஸ்ரியனுக்கு அது பெரிதில்லை. உப்பைப் பற்றிச் சொன்னான். மூன்றாவது தகரத்தைப் பற்றிச் சொன்னான்.

"பாருங்கோவன், உங்களையே ஏமாத்திப் போட்டா. கெட்டிக்காரி" என்று அவள் சிரித்தாள். "இப்பவும் அவதானோ ஊத்துறவ?"

பஸ்ரியன் வாயைத் திறந்தான். மதலேனாள் செத்து இரண்டரை வருடம். பேசாலையில் அது எல்லாருக்கும் தெரியும். தண்ணீர்க்காரருக்குத் தெரியும், சுவாமியாருக்குத் தெரியும், சம்மந்தி வீட்டாருக்குத் தெரியும். அதை ஒருவருக்குத் தன் வாயால் சொல்ல வேண்டிய தேவை அவனுக்கு இதுவரை வந்ததேயில்லை.

"இல்லைப் பிள்ளை" என்றான். "அவ செத்துப்போனா."

அந்தப் பெண் சுளகைக் கீழே வைத்துவிட்டு அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.